ஜோடியாக மலை சைக்கிள் பந்தயம்: ஈசிஆரில் தெரியாத கணக்கு

ஜோடியாக சைக்கிள் என்றதும் நம்மூரில் முதலில் ஞாபகம் வருவது டபுள்ஸ்தான்; ஒருத்தர் மிதிக்க, இன்னொருத்தர் கேரியரில். பல நாள் நடக்கும் மலை சைக்கிள் பந்தயங்களில் இருவர் அணி என்பது அது இல்லை. ரிலே மாதிரி ஒருத்தர் ஓட்டி முடித்து அடுத்தவரிடம் விடுவதும் இல்லை. ஆளுக்கு ஒரு சைக்கிள், ஒரே நேரத்தில் கிளம்பணும், நாள் முழுக்கப் பக்கத்திலேயே ஓட்டணும், ராத்திரி தூங்கி எழுந்து மறுநாளும் அதே ஆளுடன் அதே வேலை. முடிவுக் கோட்டில் கடிகாரம் நிற்பது முதலில் வருகிறவருக்கு இல்லை, இரண்டாவதாக வருகிறவருக்கு. நீங்கள் பத்து நிமிடம் முன்னாடியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாலும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பே கிடையாது.

தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் இந்த வகையில் பெரிய பெயர். கெவின் வெர்மாக் என்பவர் 2004-ல் ஆரம்பித்தது, முதல் வருடம் நைஸ்னாவிலிருந்து கிளம்பியது. வழக்கமாக எட்டு நாள்: முதல் நாள் ஒரு குறுகிய சுற்று, அப்புறம் ஏழு கட்டங்கள், மொத்தம் 600-700 கிலோமீட்டர் தூரம், சுமார் 15,000 மீட்டர் ஏற்றம். அதில் ஒரு விதி உண்டு, கூட்டாளிகள் இருவருக்கும் நடுவே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. சோதனைச் சாவடியில் அதைத் தாண்டிப் பிடிபட்டால் நேர அபராதம். இதற்கு முன்பே, 1998-லிருந்து, ஆல்ப்ஸ் மலையைக் குறுக்காகக் கடக்கும் டிரான்ஸ்ஆல்ப் பந்தயம் இருவர் அணியாகத்தான் தொடங்கியது. பிறகு கனடாவில் டிரான்ஸ்ராக்கீஸ், சுவிட்சர்லாந்தில் சுவிஸ் எபிக் என்று ஒரு வரிசையே வந்தது. ஏன் இரண்டு பேர் என்றால், முதல் காரணம் பாதுகாப்பு. செல்போன் டவர் இல்லாத மலைச்சரிவில் ஒருத்தர் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து கிடந்தால், பக்கத்தில் இருக்க ஒரு ஆள் வேணும், உதவி கேட்டுப் போகவும் ஒரு ஆள் வேணும். போட்டி சுவாரசியமானது எல்லாம் அதற்கு அப்புறம்.

சென்னையிலிருந்து இப்படிப் போட்டிகளுக்குப் போக நினைக்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஆச்சரியமில்லை; டிஐ சைக்கிள்ஸ் கம்பெனி 1949-ல் தொடங்கிய ஊர் இது, விடியற்காலை ஐந்து மணிக்கு ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், போய் நின்றால் ஹெல்மெட் போட்ட கும்பல் கும்பலாகப் பார்க்கலாம். பிரச்சினை என்னவென்றால் ஜோடி சேர்வதும் அங்கேயேதான் நடக்கிறது. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புகிற கூட்டத்தில் இரண்டு பேருக்கு வேகம் ஒத்துப்போகிறது, பேச்சும் ஒத்துப்போகிறது, "மச்சான், நாம ரெண்டு பேரும் போட்டுடலாம்டா" என்று ஒருத்தர் சொல்ல, அந்த வாரமே பெயர் கொடுத்துவிடுகிறார்கள். தட்டையான சாலையில் ஒத்துப்போன வேகம் மலையில் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பெரும்பாலும் தலைகீழாகத்தான் இருக்கும்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவர் 85 கிலோ, ஒரு மணி நேரத்துக்குத் தொடர்ந்து 250 வாட் மிதிக்கக்கூடியவர் (வாட் என்பது மிதிக்கிற சக்தியின் அளவு). இன்னொருவர் 60 கிலோ, 220 வாட். சைக்கிள், தண்ணீர், கருவி, துணிமணி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஈசிஆரில் எதிரி காற்று மட்டும்தான், உடல் எடை அங்கே பெரிதாக உறுத்தாது, அதனால் 250 வாட்காரர் முன்னாடி போவார், 220 வாட்காரர் அவர் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வருவார். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நெருக்கமாக ஒட்டி வந்தால் பின்னால் இருப்பவருக்கு உழைப்பில் கால் பங்கு வரைக்கும் மிச்சமாகும். ஆக ஒருத்தர் இழுக்கிறார், ஒருத்தர் நிம்மதியாக வருகிறார், இருவருமே "நம்ம லெவல் ஒண்ணுதான்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். கனமானவர் மனதில், சொல்லாவிட்டாலும், நான்தான் இந்த ஜோடியில் பலசாலி என்ற எண்ணம் வேறு.

இதே இருவரை ஆயிரம் மீட்டர் உயரம் ஏறச் சொல்லுங்கள். மண் பாதையில் மலை ஏறும்போது வேகம் எட்டு, பத்து கிலோமீட்டர்தான் இருக்கும், அந்த வேகத்தில் காற்று ஒரு விஷயமே இல்லை, பூமி இழுப்பதுதான் எல்லாம். சக்கர உராய்வை விட்டுவிட்டு எடையையும் வாட்டையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டால், மொத்தம் 75 கிலோவை 220 வாட்டால் தூக்குகிறவர் சுமார் 56 நிமிடத்தில் மேலே இருப்பார். 100 கிலோவை 250 வாட்டால் தூக்குகிறவருக்கு 65 நிமிடத்துக்கு மேல் ஆகும். கிட்டத்தட்ட பத்து நிமிட இடைவெளி! இரண்டு நிமிட விதி இருக்கிற போட்டியில், 200 மீட்டர் உயரத்தைத் தாண்டியதுமே எல்லை வந்துவிடும். அங்கே ஈசிஆரின் பலசாலி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார், பின்சக்கரத்தில் ஒளிந்து வந்தவர் வளைவுக்கு வளைவு நின்று திரும்பிப் பார்ப்பார். இப்படித் திரும்பிப் பார்க்கப்படுவது எவ்வளவு எரிச்சல் தரும் என்பது பார்க்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்குப் பத்து கிலோமீட்டரில் ஏறினால் ஒரு மணி நேரம், அதே பத்து கிலோமீட்டரை முப்பதில் இறங்கினால் இருபது நிமிடம். தூரம் பாதிப் பாதி, நேரத்தில் முக்கால் பங்கு ஏற்றத்துக்கே போய்விடுகிறது. ஆகவே கூட்டாளியைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் அதை ஏற்றத்தில் செய்யுங்கள். சென்னைக்குள் அதற்கு வழியில்லை. மேம்பாலத்தை இருபது தடவை ஏறி இறங்கினால் கால் வலிக்கும், ஆனால் ஒரு தடவைக்கு ஒரு நிமிடம்கூட இல்லாத ஏற்றத்தில் எவருடைய உண்மையான அளவும் வெளியே வராது. ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போய் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் பார்க்கலாம், சேலத்துக்குப் போனால் ஏற்காடு, நாமக்கல் பக்கம் கொல்லிமலையின் எழுபது வளைவுகள், இன்னும் மனசு இருந்தால் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் முப்பத்தாறு வளைவுகள். இதெல்லாம் தார்ச்சாலைதான், மண் பாதை இல்லை, ஆனாலும் யார் ஏற்றத்துக்கான ஆள் என்பது இரண்டாவது மூன்றாவது வளைவிலேயே தெரிந்துவிடும். முக்கியமாக, இருவரும் அவரவர் வேகத்தில் தனித்தனியாக ஏறுங்கள். ஒன்றாகவே ஏறினால் மரியாதைக்காக ஒருவர் மெதுவாக வருவார், சோதனை வீண்.

சரி, சோதித்தாயிற்று, ஒருவர் வேகமானவர் என்று தெரிந்துவிட்டது. அதனால் ஜோடியைக் கலைக்க வேண்டியதில்லை. இங்கேதான் இந்த விளையாட்டின் சூட்சுமமே இருக்கிறது. ஜோடியின் வேகம் மெதுவானவரின் வேகம்தான் என்று பலரும் சொல்வார்கள், அது பாதி உண்மை. வேகமானவரிடம் மிச்சம் இருக்கும் சக்தியை எவ்வளவு தூரம் மெதுவானவருக்கு மாற்ற முடிகிறது என்பதில்தான் ஜோடியின் வேகம் இருக்கிறது. மாற்றாத சக்தி மலை உச்சியில் காத்து நிற்கும் நிமிடங்களாகக் கழிந்துபோகும்.

மாற்றுவதற்கு முதல் வழி எடை. மேலே சொன்ன அதே ஜோடியில், கனமானவரின் பையிலிருந்து இரண்டு கிலோவை எடுத்து இலகுவானவர் சுமக்கட்டும். இரண்டு லிட்டர் தண்ணீரே இரண்டு கிலோதான், அதுபோகப் பம்பு, கருவிகள், ரெயின்கோட் எல்லாம் இருக்கிறது. கனமானவரின் 65 நிமிடம் 64 ஆகிறது, கச்சிதமாகச் சொன்னால் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 80 நொடி மிச்சம். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். 15,000 மீட்டர் ஏற்றம் உள்ள பந்தயத்தில் அது மொத்தம் இருபது நிமிடம், ஒரு ரூபாய் செலவில்லாமல். சைக்கிளில் இரண்டு கிலோ குறைக்க என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இதைச் செய்கிற ஜோடிகள் குறைவு. காரணம் கூச்சம். "என் தண்ணிய நான் தூக்கிக்கிறேன், பரவால்ல" என்று சொல்வது நம் பழக்கம். அடுத்தவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்த நல்ல குணம் இந்தப் போட்டியில் இருவருக்கும் நஷ்டம். வேகமானவர் கேட்காமலேயே எடுத்துக்கொள்வதுதான் நல்லது. முதல் நாள் காலை பை கட்டும்போதே பம்பையும் டியூபையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு பேச்சை மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது வழி கை. பெரிய போட்டிகளின் வீடியோக்களில் கவனித்திருப்பீர்கள்: ஏற்றத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து, கூட்டாளியின் இடுப்புக்கு மேலே, முதுகின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவார். பார்க்க எளிது. ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, கல்லும் மண்ணுமான பாதையில் நேராகப் போய்க்கொண்டே, தன் மிதிப்பின் ஒரு பகுதியை அடுத்தவர் உடலுக்குக் கொடுக்க வேண்டும். தள்ளுகிறவர் ஒரு கியர் கனமாக வைத்துக்கொள்வார், தள்ளப்படுகிறவர் குறுக்கே ஆடாமல், திடீரென்று பிரேக் பிடிக்காமல், அதே சீரில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், "தள்றாரே" என்று மிதிப்பதைத் தளர்த்தினால் இருவருமே நின்றுவிடுவார்கள். கையைத் தோளில் வைக்கக் கூடாது, ஹேண்டில் திரும்பிவிடும். வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், எதிர்பாராமல் முதுகில் கை பட்டால் யாரும் ஒரு கணம் துள்ளத்தான் செய்வார்கள். இதைப் பழக மலை தேவையில்லை. ஒரு பெரிய காலி மைதானமோ வண்டி வராத சர்வீஸ் ரோடோ போதும், ஆனால் போட்டிக்கு முன்னால் பழகியிருக்க வேண்டும்.

எவ்வளவு பலன்? அதே கணக்கைத் தொடர்ந்தால், எடையை மாற்றிய பிறகு இலகுவானவர் தன் 220-ல் வெறும் 15 வாட்டைக் கைவழியாகக் கொடுத்துவிட்டால் இருவருமே சுமார் 61 நிமிடத்தில் உச்சிக்கு வந்துவிடுவார்கள். தொடக்கத்தில் இருந்த 56-65 இடைவெளி காணாமல் போய்விட்டது, அணியின் நேரம் நாலு நிமிடம் குறைந்துவிட்டது. இது காகிதக் கணக்கு. ஒரு மணி நேரம் விடாமல் யாரும் தள்ள முடியாது, குறுகிய ஒற்றையடிப் பாதையில் பக்கத்தில் வரவே இடம் இருக்காது. ஆனால் அகலமான ஜீப் பாதைகளில் விட்டுவிட்டுத் தள்ளினாலே பாதிப் பலன் கிடைக்கும். ரப்பர் கயிறு கட்டி இழுப்பதும் உண்டு, பழைய டியூபை வெட்டி முடிச்சுப் போட்டே சிலர் செய்துகொள்கிறார்கள். அதற்கு அனுமதி போட்டிக்குப் போட்டி மாறும் என்பதால் விதிப்புத்தகத்தைப் படிக்காமல் கயிற்றை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

மூன்றாவது, காற்று. இங்கே நம் கனமானவர் கடனைத் திருப்பித் தருகிறார். தட்டையான, அகலமான மண் சாலை வந்தால் அவர் முன்னாடி, இலகுவானவர் பின்னாடி. ஈசிஆர் பயிற்சிக்கு அர்த்தம் வருவது இந்த இடத்தில்தான், அதிலும் கடல்காற்று எழுந்த பிறகு திரும்பி வரும் அந்தச் சலிப்பான நேரத்தில். மலை சைக்கிள்காரர்கள் பலருக்குச் சக்கரத்தை ஒட்டி ஓட்டத் தெரியாது, தேவைப்படாது என்று நினைப்பார்கள். நம்மூர்க்காரர்களுக்கு அது கை வந்த கலை. ஆக, நான் சொல்வேன், எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான இருவரைவிட, ஏற்றத்தில் ஓரளவு நெருங்கி, மற்றவற்றில் வேறுபட்ட இருவர் நல்ல ஜோடி. அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் ஒருவர் சோரும் இடத்திலேயே மற்றவரும் சோர்வார், அப்புறம் யார் யாரை இழுப்பது?

யார் முன்னால் போவது என்பதற்கும் இதிலிருந்தே விடை வந்துவிடுகிறது. ஏற்றத்தில் மெதுவானவர் முன்னால். இதை ஒப்புக்கொள்ள வேகமானவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அவர் முன்னால் போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள்: அரைச் சக்கரம் முன்னே போவார், பின்னால் இருப்பவர் எட்டிப்பிடிக்கக் கொஞ்சம் அழுத்துவார், எட்டியதும் இவர் மறுபடி அரைச் சக்கரம் முன்னே. வேண்டுமென்று செய்வதில்லை, காலே அப்படிப் போகும். பின்னால் வருபவர் தன் எல்லைக்கு மேலேயே முக்கால் மணி நேரம் ஓட்டியிருப்பார், அதன் விலையை மத்தியானத்துக்கு மேல் இருவரும் சேர்ந்து கட்டுவார்கள். இறக்கத்தில் திறமைசாலி முன்னால், பாதையைக் காட்டிக்கொண்டு. ஆனால் புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விட்டு. பின்னால் வருகிறவர் அவர் போன கோட்டில்தான் போக வேண்டும், அவர் போன வேகத்தில் இல்லை. பெரும்பாலான விழுதல்கள் கூட்டாளியைத் துரத்தும்போது நடப்பவைதான் என்பது என் அபிப்பிராயம்.

கூட்டத்தோடு கிளம்பும்போது இன்னொரு தொல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, சில கிலோமீட்டரில் ஒற்றையடிப் பாதைக்குள் நுழைவார்கள். உள்ளே முந்த இடம் இருக்காது. இருவரில் ஒருவர் மட்டும் முண்டியடித்து உள்ளே போய்விட்டால், நடுவே நாற்பது பேர் மாட்டிக்கொள்வார்கள், முன்னால் போனவர் ஓரமாக நின்று அந்த நாற்பது பேரும் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சேர்ந்தே நுழைய வேண்டும், இல்லாவிட்டால் நுழைய அவசரப்படக் கூடாது.

பேச்சு. இதைப் பற்றி எல்லோரும் "கம்யூனிகேஷன் முக்கியம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், எப்படிப் பேசுவது என்று சொல்வதில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் தமிழன் செத்துக்கொண்டிருந்தாலும் "பரவால்ல" என்றுதான் சொல்வான். அதனால் எண்ணாகக் கேட்பது நல்லது.

"எத்தனை?"

"ஏழு."

"நான் அஞ்சுதான். தண்ணி பாட்டில குடு, நான் வெச்சுக்கறேன்."

பத்துக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஏழு என்றால் நாள் முழுக்கத் தாங்காது, கொஞ்சம் குறைக்க வேண்டும். ஒன்பது என்றால் ஏற்கெனவே தாமதம். எண் சொல்வதில் கௌரவப் பிரச்சினை குறைவு, மூச்சு வாங்கும்போது ஒரே வார்த்தையில் முடிந்தும்விடும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டால் போதும், நொடிக்கு நொடி கேட்டால் அதுவே சண்டையாகிவிடும். வயதில் மூத்தவரோடு ஜோடி சேர்ந்திருந்தால் இது இன்னும் அவசியம். "அண்ணா, கொஞ்சம் மெதுவா போலாமா" என்று கேட்கத் தயங்கித் தயங்கியே கெட்டுப்போகிற இளையவர்கள் உண்டு, "தம்பிகிட்ட போய் எப்படிச் சொல்றது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிற மூத்தவர்களும் உண்டு.

கெட்ட நாள் ஒன்று இருவருக்குமே கட்டாயம் வரும். வயிறு கெடும், தூக்கம் வராது, கால் சும்மாவே மரத்துப்போகும். எட்டு நாளில் ஆளுக்கு ஒரு கெட்ட நாள் என்று வைத்துக்கொண்டால், அது இருவருக்கும் ஒரே நாளில் வர எட்டில் ஒரு வாய்ப்புதான். மற்றபடி அணிக்கு இரண்டு கெட்ட நாள். தனியாக ஓட்டுகிறவருக்கு ஒன்றோடு போயிருக்கும். ஜோடியின் உடம்பு ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட், இரண்டாம் நாள் ஒருத்தர் அளவுக்கு மேல் எடுத்தால் ஐந்தாம் நாள் மற்றவருக்குத் தேவைப்படும்போது உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் தன்னுடைய நல்ல நாளில் வேகமாக ஓட்டாமல், கூட்டாளிக்கு அதிகமாக வேலை செய்வதுதான் பழகிய ஜோடிகளின் வழக்கம். கெட்ட நாளில் இருக்கிறவரிடம் உற்சாகப் பேச்சு வேண்டாம். "இன்னும் கொஞ்சம்தான், வா வா" என்று கத்துகிற கூட்டாளியைத் தள்ளிவிடலாம் போலிருக்கும். பக்கத்தில் வந்து, சாப்பிட ஒன்றைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு, சும்மா இருந்தாலே போதும்.

வண்டி விஷயம் சுருக்கம்தான். தனியாகப் போனால் கோளாறு இல்லாமல் முடிக்க பத்தில் ஒன்பது வாய்ப்பு இருக்கிறது என்றால், இருவரும் முடிக்க வாய்ப்பு நூற்றுக்கு எண்பத்தொன்றுதான், ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் அதுதான் வரும். இதைச் சரிக்கட்ட ஒரே வழி இரண்டு சைக்கிளும் முடிந்தவரை ஒன்றாக இருப்பது. ஒரே சக்கர அளவு, ஒரே வகை அச்சு, ஒரே கியர் அமைப்பு, ஒரே பிரேக் பேட். அப்படி இருந்தால் ஒரு செயின் லிங்க், ஒரு கியர் ஹேங்கர் (பின்கியரைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் சின்னத் துண்டு), ஒரு ஜோடி பேட் இருவருக்கும் ஆகும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் இரட்டையாகச் சுமக்க வேண்டும். ஹேங்கர் மட்டும் சைக்கிள் மாடலுக்கு மாடல் மாறும், நம்மூர்க் கடையில் கேட்டால் வரவழைக்க நாளாகும், கிளம்புகிற வாரத்தில் தேடாதீர்கள். டியூப்லெஸ் டயரின் பக்கவாட்டில் கல் கிழித்தால் உள்ளிருக்கும் திரவம் அடைக்காது, உள்பக்கம் ஒட்டுப் போட்டு டியூப் வைக்க வேண்டியதுதான். அந்த வேலையில் ஒருவர் டயரைக் கழற்ற மற்றவர் டியூபுக்குக் கொஞ்சம் காற்றடித்துத் தயாராக வைத்திருப்பார். இதையும் வீட்டு வாசலிலேயே ஒரு தடவை சேர்ந்து செய்து பார்த்திருந்தால் நல்லது.

உடம்பைப் பொறுத்தவரை சென்னைக்காரர்களுக்கு ஒரு லாபமும் ஒரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. கேப் எபிக் நடப்பது மார்ச்சில், சில வருடங்களில் வெயில் 40 டிகிரி தொடும், வடக்கு ஐரோப்பாவின் குளிரிலிருந்து வருகிறவர்கள் வாடிப்போவார்கள், நமக்கு அது பழகிய சங்கதி. ஆனால் அங்கே வறண்ட வெப்பம். இங்கே வியர்வை சொட்டுவது கண்ணுக்குத் தெரியும், பனியன் நனைந்து ஒட்டும், அதைப் பார்த்துத் தண்ணீர் குடிப்போம். அங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும், சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்த பிறகுதான் உறைக்கும். அந்தக் கோட்டை முதலில் பார்க்கக்கூடியவர் பின்னால் வருகிற கூட்டாளிதான். சாப்பாடும் அப்படித்தான்: நீண்ட நேர ஓட்டத்துக்கு மணிக்கு 60 கிராமிலிருந்து 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, அது வாழைப்பழமா, பேரீச்சையா, கடலைமிட்டாயா, பாக்கெட் ஜெல்லா என்பது வயிற்றின் இஷ்டம், ஆனால் களைத்தவர் முதலில் மறப்பது சாப்பிடுவதைத்தான். ஒருவர் வாயில் போடும்போது மற்றவரும் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஞாபகம் வைக்கும் வேலை பாதியாகிறது.

உயரம்தான் கடல்மட்டத்துக்காரர்களைக் காலை வாரிவிடும். இமாச்சலத்தின் எம்டிபி ஹிமாலயா மாதிரி போட்டிகளில் ஜலோரி கணவாய் போல 3,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்கள் வரலாம். அங்கே காற்றழுத்தம் குறைவு, மிதிக்கிற சக்தி யாருக்கும் குறையும். யாருக்கு எவ்வளவு குறையும் என்பது ஆளுக்கு ஆள் வேறு, சென்னையில் இருந்தபடி கண்டுபிடிக்க வழியில்லை. ஏலகிரியில் நீங்கள் முன்னால், அவர் பின்னால் என்று முடிவாகியிருந்த வரிசை அங்கே மாறிப்போகலாம். யார் யாரைத் தள்ளுவது என்பதை அப்போது புதிதாக முடிவு செய்ய வேண்டியிருக்கும், தலைவலியோடு.

கூட்டாளியாக இருப்பதே தனித் திறமையா, இல்லை நல்ல ஓட்டக்காரர் யாரோடும் ஜெயிப்பாரா என்று கேட்டால், கேப் எபிக் பட்டியலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜெர்மனியின் கார்ல் பிளாட் ஐந்து முறை ஜெயித்தவர், மானி ஹைமன்ஸ், ஸ்டெஃபன் சாம், உர்ஸ் ஹூபர் என்று மூன்று வேறு வேறு கூட்டாளிகளோடு. சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சௌசரும் ஐந்து முறை, அவரும் மூன்று பேரோடு. அதில் 2011, 2012 இரண்டு வருடமும் கூட ஓட்டியவர் தென்னாப்பிரிக்காவின் பெரி ஸ்டாண்டர். 2013 ஜனவரியில் பயிற்சியின்போது வேன் மோதி ஸ்டாண்டர் இறந்துபோனார், அதே ஆண்டு மார்ச்சில் சௌசர், லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவியோடு ஓட்டி மறுபடியும் ஜெயித்தார். பெண்கள் பிரிவில் டென்மார்க்கின் அனிகா லாங்வாட், அவருக்கும் ஐந்து, அவருக்கும் மூன்று கூட்டாளிகள். 2019-ல் அவரோடு வந்த ஆனா வான் டெர் பிரெகன் சாலைப் பந்தய உலக சாம்பியன், மலைப் பாதை அவர் களம் இல்லை. சாலையில் பழகிய ஒருத்தரைக் கல்லும் மண்ணும் உள்ள எட்டு நாள் பந்தயத்துக்குள் கூட்டிக்கொண்டு போய் ஜெயிக்கவைப்பது சும்மா இல்லை, என்னைக் கேட்டால் லாங்வாடின் ஐந்தில் அதுதான் பெரிது.

நம்மைப் போன்றவர்கள் ஜெயிக்கப் போவதில்லை, முடித்தாலே சந்தோஷம். அப்படியானால் கிளம்புவதற்கு முன்னால் பேசி வைக்க வேண்டியது ஒன்று உண்டு, யாரும் பேச விரும்பாதது: ஒருத்தர் நடுவில் விழுந்துவிட்டாலோ உடம்பு முடியாமல் போனாலோ மற்றவர் என்ன செய்வது? கேப் எபிக்கில் கூட்டாளியை இழந்தவர் தனியாகத் தொடர்ந்து ஓட்டி முடிக்கலாம், அணிகளின் வரிசையில் இடம் கிடைக்காது, அவ்வளவுதான். வேறு போட்டிகளில் விதி வேறாக இருக்கலாம். "நீ இல்லாம நான் மட்டும் எப்படிடா" என்பது அந்த நேரத்தில் எவரும் சொல்வதுதான், ஆனால் மருத்துவக் கூடாரத்தில் கட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், தன்னால் இன்னொருத்தரின் ஒரு வருட உழைப்பும் சேர்த்த காசும் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பதைவிட, அவர் ஓட்டுவதையாவது பார்க்கட்டும் என்பது என் கட்சி. வேறு கட்சியும் இருக்கலாம், தப்பில்லை. யார் எந்தக் கட்சி என்பதைப் பெயர் கொடுக்கிற அன்றைக்கே கேட்டுவிடுங்கள். பயணக் காப்பீட்டில் சைக்கிள் பந்தயத்துக்கு இடமிருக்கிறதா என்பதையும் அதே உட்காரலில் பார்த்துவிடலாம், சாதாரண பாலிசிகள் பலவற்றில் பந்தயம் என்றாலே விலக்கு.